வலிக்காத காலை உட்கார வைப்பது

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பி ஷூவைக் கழற்றியபோது, வலது காலுறையின் அடிப்பகுதியில் பெருவிரல் நகத்தின் அளவுக்கு ஈரமான பழுப்புக் கறை ஒன்று இருந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சட்டைப் பித்தான் விழுந்தது. நான்கு துளைகள் கொண்ட, சாதாரணமான வெள்ளைப் பித்தான். காலை எட்டரை மணிக்கு அந்த ஷூவைப் போட்டிருந்தேன். அதன் பிறகு மூன்று மாடிப் படிகளைப் பல முறை ஏறி இறங்கியிருந்தேன், திரும்பும் வழியில் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தேன். அத்தனை நேரமும் அந்தப் பித்தான் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் அழுந்திக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தபோது, கிழிந்த தோலைச் சுற்றிப் பித்தானின் விளிம்பு ஒரு வட்டமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியிலும் எனக்கு வலிக்கவில்லை.

அந்தப் புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின.

அப்போது எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவில் படுத்தால் பாதங்கள் எரியும். போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாத நாள்கள் உண்டு. ஆகவே என் கால்களில் உணர்ச்சி கூடுதலாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் ஒரே காலத்தில் இருக்க முடியும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பழுதுபட்ட நரம்பு, வெளியிலிருந்து வரும் செய்தியைக் கொண்டுசேர்க்காமல் விட்டுவிடும். அதே நரம்பு, வெளியில் ஒன்றுமே நடக்காதபோது தானாகவே எரிச்சல் செய்தியை அனுப்பிக்கொண்டும் இருக்கும். இரவெல்லாம் எரியும் கால், பகலில் பித்தானை உணராது. இதை அறியாத காரணத்தால் கால் புண்ணுக்கு ஆளாகிறவர்கள் என்னைப் போல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாதச் சிகிச்சைப் பிரிவில் எனக்கு முதலில் செய்த சோதனையை மறக்க முடியாது. மோனோஃபிலமென்ட் என்பது ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை. தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. கண்களை மூடிக்கொண்டு, இழை படும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்லும்படி செவிலியர் கேட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவர் எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து, "முடிந்துவிட்டது அம்மா, கண்ணைத் திறக்கலாம்" என்றார். பிறகு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். அதன் அதிர்வையும் நான் உணரவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைத்தபோதுதான் அந்த மெல்லிய நடுக்கம் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த அவ்வளவும் நான் அறியாமலே என்னைவிட்டுப் போயிருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பாதப் புண் வரக்கூடும் என்பது 2017-இல் வெளியான ஒரு விரிவான மருத்துவ ஆய்வுரையின் மதிப்பீடு. அதைவிட என்னைக் கலங்க வைத்தது அதே கட்டுரையின் அடுத்த கணக்கு: ஆறிய புண் ஓராண்டுக்குள் மீண்டும் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு. புண் ஆறிவிட்டது என்று சொல்லிக் கட்டை அவிழ்த்த அன்று, பிழைத்தோம் என்று மகிழ்ந்தேன். உண்மையில் அன்றுதான் நான் மிக அதிக ஆபத்துள்ள வரிசைக்குள் சேர்ந்திருந்தேன். உணர்விழப்பு அப்படியேதான் இருந்தது; எலும்பின் அமைப்பும் நடையும் மாறவில்லை; கூடுதலாக, ஆறிய இடத்தின் தோல் முன்பிருந்த தோலைப் போல் வலுவாக இல்லை.

உடலில் அணியும் கருவிகள் பக்கம் என் கவனம் திரும்பியது அந்தப் பயத்தினால்தான். போன உணர்ச்சியை ஒரு கருவி திருப்பிக் கொடுக்குமா என்ற கேள்வியோடு தேடத் தொடங்கினேன். அந்தக் கேள்வியை எனக்கு முன்பே, மிகுந்த நேர்மையோடு ஒருவர் கேட்டிருந்தார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டவர்; 1960-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முதன்மையான காரணம் சதை தானாக அழுகுவது அன்று, வலி தெரியாததால் அன்றாடம் நேரும் காயங்களே என்பதை நிறுவியவர் அவர். பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே கதையைக் கண்டார். ஆணி குத்துவது போன்ற பெரிய காயத்தைவிட, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் மிதமான அழுத்தம்தான் பெரும்பாலான உள்ளங்கால் புண்களுக்குக் காரணம் என்றார். நலமுள்ள பாதம் களைத்துப்போனால், நாம் அறியாமலே நடை மாறும், பாரம் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு நகரும், தேவைப்பட்டால் நொண்டுவோம். உணர்விழந்த பாதம் முதல் அடியை எப்படி வைத்ததோ, அப்படியேதான் பத்தாயிரமாவது அடியையும் வைக்கும்.

கார்வில்லில் அவர் செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்களைப் பொருத்தி, ஆபத்தான அழுத்தம் வந்தால் எச்சரிக்கும்படி அமைத்தார்கள். முதலில் காதில் ஒலி கேட்டது. நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள், தாம் செய்ய நினைத்த வேலை கருவியால் தடைப்படுகிறது என்று கண்டதும், இணைப்பை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். முட்டாள்தனத்தால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எச்சரிக்கையை அணைக்கும் விசை அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். வலிக்கு அப்படி ஒரு விசை இல்லாததால்தான் அது நம்மைக் காக்கிறது.

அரை நூற்றாண்டு கழிந்து இன்றைய கருவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். சென்சார்கள் சிறுத்துவிட்டன, மின்கலம் நீடிக்கிறது, செய்தி கைபேசிக்கு வருகிறது. ஆனால் அந்த விசை இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

பாதம் புண்ணாவதற்கு முன்பு சூடாகிறது என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள உண்மை. அழுத்தத்தால் நொந்த சதை அழற்சி அடையும். அங்கே இரத்த ஓட்டம் கூடும். தோலில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே வெப்பம் ஏறும். அந்த வெப்பத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு எளிய விடை உண்டு: மற்ற காலின் அதே இடத்தோடு. இரண்டு கால்களும் ஒரே அறையில், ஒரே உடலில் இருப்பதால், வெயிலும் குளிரும் இரண்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரி பாதிக்கும்; ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால், அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்பு புண் வந்து ஆறிய 173 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 15 மாதங்கள் கண்காணித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29.3 சதவீதம் பேருக்கும், தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தை முறையாகப் பார்த்தவர்களில் 30.4 சதவீதம் பேருக்கும் புண் வந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் தினமும் அளந்து, வேறுபாடு கூடியபோது நடையைக் குறைத்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. கண்ணால் பார்ப்பதற்கும் வெப்பம் அளப்பதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைப் பார்த்த அன்றே நான் ஒரு வெப்பமானியை வாங்கினேன்.

ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடங்களை அளக்கிறேன்: பெருவிரலின் அடி, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம், பாதத்தின் நடுப்பகுதி, குதிகால். காலையில் எழுந்து, நடமாடத் தொடங்கும் முன்பு, காலுறையைக் கழற்றிப் பத்து நிமிடங்கள் கால்களைத் திறந்து வைத்திருந்து அளப்பேன். ஒரு நோட்டில் வலது, இடது, வேறுபாடு என்று மூன்று கட்டங்கள். முதல் சில மாதங்கள் வேறுபாடுகள் எல்லாம் ஒரு டிகிரிக்குள்ளேதான் இருந்தன. இதைச் செய்வதில் என்ன பொருள் இருக்கிறது என்ற சலிப்பும் வந்தது.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, வலது காலில் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் 33.3 காட்டியது, இடது காலில் அதே இடத்தில் 30.7. வேறுபாடு 2.6. வெப்பமானியை வேறு கோணத்தில் பிடித்துவிட்டேனோ என்று மீண்டும் மூன்று முறை அளந்தேன், மாறவில்லை. மறுநாள் 33.8-க்கு 30.9. கண்ணாடியில் பார்த்தால், எப்போதும் இருக்கும் காய்ப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. வலிதான் ஒருபோதும் இல்லையே. பாதச் சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, "வலி எதுவும் இல்லை, ஆனால்" என்று தொடங்கினேன். அந்தச் செவிலியர் குறுக்கிட்டு, "வலிக்கவில்லை என்பதை என்னிடம் சொல்லாதீர்கள் அம்மா, எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள்" என்றார். எண்ணைச் சொன்னேன். அன்றே வரச் சொன்னார்.

காய்ப்பை மெல்லிய கத்தியால் அடுக்கடுக்காகச் சீவினார்கள். மூன்றாவது அல்லது நான்காவது அடுக்கு போனபோது, அடியில் கருஞ்சிவப்பாக உறைந்த இரத்தத்தின் கறை தெரிந்தது; பாதி நகத்தின் அளவு. காய்ப்புக்கு உள்ளே தோல் ஏற்கெனவே நசுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் அதே ஷூவில் நடந்திருந்தால் அது திறந்த புண்ணாகியிருக்கும் என்றார் மருத்துவர். ஷூவுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்து என் கையில் கொடுத்து, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மற்ற இடங்களில் மெத்தென்று உள்வாங்கிய அது, அந்த இடத்தில் மட்டும் அட்டைபோல் கெட்டியாகத் தட்டையாகியிருந்தது.

இனி எழுதப்போவதுதான் நான் உண்மையில் சொல்ல விரும்புவது. அடுத்த ஒன்பது நாள்கள், குளியலறைக்கும் படுக்கைக்கும் தவிர நடக்கக் கூடாது. அந்த நடைக்கும் முன்பாதத்தின் பாரத்தைக் குறைக்கும் சிறப்புக் காலணியை அணிய வேண்டும் என்றார்கள். கால் சுளுக்கியவர் உட்கார்ந்திருப்பது எளிது. எழுந்தால் வலிக்கும், ஆகவே எழமாட்டார். எனக்கோ கால் முழு நலமாக இருப்பது போலவே தோன்றியது. கதவு மணி அடித்தால் எழுந்துவிடுவேன். பாதி வழியில்தான் நினைவு வரும். மூன்றாம் நாள், அடுத்த அறையில் கைபேசி அடித்தபோது வெறுங்காலோடு ஓடினேன். அன்று மாலை என் மகள், "அம்மா, உங்களுக்கு வலிக்கவில்லை என்பதால் நீங்கள் எங்களை நம்ப மாட்டேன் என்கிறீர்கள், அந்த நோட்டையாவது நம்புங்கள்" என்று சொல்லி, அதைத் திறந்து நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்தாள். எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் நாள் வேறுபாடு 1.1 ஆகியிருந்தது. புதிய இன்சோலோடு, ஒரு வாரம் சிறிது சிறிதாக நடையைக் கூட்டினேன். புண் வரவில்லை.

நெதர்லாந்தில் 304 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. வீட்டில் வெப்பம் அளந்தவர்களுக்கும் அளக்காதவர்களுக்கும் இடையே, மொத்தத்தில் பார்த்தால், புண் திரும்ப வருவதில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் வெப்பம் கூடியபோது உண்மையிலேயே நடையைக் குறைத்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது, அவர்களுக்குப் புண் குறைவாக வந்திருந்தது. இந்த ஆய்வை வெப்பமானிக்கு எதிரான சான்றாகச் சிலர் சொல்வதை ஏற்க எனக்கு மனமில்லை. வெப்பமானி தன் வேலையைச் செய்தது. உட்காருவது நம் வேலை.

தினமும் பன்னிரண்டு இடங்களை அளந்து எழுதுவது எல்லோராலும் முடிகிற காரியம் அன்று. கை நடுங்குகிறவர்கள், பார்வை மங்கியவர்கள், குனிந்து உள்ளங்காலை எட்ட முடியாதவர்கள் சர்க்கரை நோயாளிகளில் ஏராளம். அவர்களுக்காக வந்தவைதான் வெப்பத்தைத் தானே அளந்து அனுப்பும் கால்மிதியும் காலுறையும். தரையில் விரிக்கும் அந்தக் கால்மிதியின் மேல் தினமும் இருபது நொடி நின்றால் போதும். இரண்டு பாதங்களின் வெப்பப் படத்தையும் அது கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பிவிடும். அது உடலில் அணியும் கருவி அன்று என்றாலும், இந்தக் குடும்பத்தில் நன்கு ஆராயப்பட்டது அதுதான். 2017-இல் வெளியான, 129 பேர் பங்கேற்ற ஆய்வில், 2.22 டிகிரி என்ற எல்லையை வைத்துக்கொண்டபோது, உள்ளங்காலில் வந்த புண்களில் 97 சதவீதத்தை அது சராசரியாக 37 நாள்கள் முன்னதாகவே காட்டிக்கொடுத்தது. தவறான எச்சரிக்கையின் விகிதமோ 57 சதவீதம். எல்லையை 3.2 டிகிரிக்கு உயர்த்தியபோது தவறான எச்சரிக்கை 32 சதவீதமாகக் குறைந்தது, பிடிபட்ட புண்களும் 70 சதவீதமாகக் குறைந்தன. விற்பவர்கள் 97-ஐ மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். வாங்குகிறவர் 57-ஐயும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல எச்சரிக்கைகள் வீணாகும் என்று முன்பே தெரிந்தவர்தான் நான்காவது எச்சரிக்கைக்கும் உட்காருவார்.

காலுறையின் வழி வேறு. நூலோடு நூலாக ஆறு வெப்ப சென்சார்களை நெய்திருக்கிறார்கள். அணிந்திருக்கும் நேரமெல்லாம் அளந்து, கைபேசி வழியாக அனுப்பும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்பது அதன் பெரிய நன்மை. ஒரு தோழி வீட்டில் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உள்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவினால் சென்சார் இருக்கும் இடம் உறுத்தவே இல்லை. உணர்விழந்த காலில் மாட்டும் பொருளை இப்படிக் கையால் தடவிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பது பித்தான் எனக்குக் கற்றுத்தந்த பழக்கம்.

மூன்றாவது வகையான அழுத்த இன்சோலை நானே ஐந்து மாதங்கள் அணிந்தேன். வெப்பம் என்பது நொந்த பிறகு வரும் செய்தி. அழுத்தமோ நோவதற்கு முன்பே கிடைக்கும் செய்தி. உள்ளங்காலின் எட்டு இடங்களில் உள்ள சென்சார்கள் தொடர்ந்து அளக்கின்றன; நுண்குழாய்களில் இரத்தம் ஓடத் தடையாகும் அளவான 35 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் ஓரிடத்தில் அழுத்தம் விடாமல் கால் மணி நேரம் நீடித்தால், கைக்கடிகாரம் அதிர்ந்து, எந்த இடம் என்று படம் காட்டும். உடனே நடந்தோ, பாரத்தை மாற்றியோ, உட்கார்ந்தோ அதை இறக்க வேண்டும். இந்த வகை இன்சோலை வைத்து மான்செஸ்டர் ஆய்வாளர்கள் நடத்தி 2019-இல் வெளியிட்ட 18 மாத ஆய்வில், எச்சரிக்கை பெற்றவர்களுக்குப் புண் வரும் விகிதம் 71 சதவீதம் குறைந்தது. நாளொன்றுக்கு நாலரை மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களிடம் 86 சதவீதம் குறைந்தது. ஆய்வை இறுதிவரை முடித்தவர்கள் அறுபதுக்கும் குறைவானவர்களே என்பதால், முடிவு முற்றிலும் உறுதியானது என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் நம்பிக்கை தரும் எண்கள்தாம்.

முதல் மாதம் அந்த அதிர்வு எனக்குப் பெரும் துணையாக இருந்தது. நின்றுகொண்டே பேசும் பழக்கம் எனக்கு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அது காட்டியது. மூன்றாம் மாதத்தில், பேச்சின் நடுவே அதிரும்போது கடிகாரத்தை மறு கையால் மூடிக்கொள்ளத் தொடங்கினேன். நான்காம் மாதத்தில், முக்கியமான கூட்டங்களுக்கு முன்பு எச்சரிக்கையை அணைத்து வைத்தேன். பிராண்டின் நோயாளிகளைப் பற்றி நான் படித்தது அதற்குப் பிறகுதான். படித்துவிட்டு வெகு நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் மின்கலம் தளர்ந்தது. விற்ற நிறுவனம் மாற்றித்தர ஏழு வாரங்கள் எடுத்துக்கொண்டது. பாதத்தைக் காக்கும் கருவிக்கு ஏழு வாரம் என்பது புண் வந்து எலும்புவரை போகப் போதுமான காலம் என்று அவர்களுக்கு எழுதினேன்; பதில் வரவில்லை.

கருவி என்ன அளக்கிறது என்பதைவிட, நாம் எப்போது அதைக் கழற்றிவிடுகிறோம் என்பதே முதன்மையான கேள்வி. இதையும் கருவிகளே காட்டிக்கொடுத்திருக்கின்றன. புண் உள்ளவர்களுக்குக் கொடுக்கும், பூட்ஸ்போல் கழற்றி மாட்டக்கூடிய பாதக் கூண்டுக்குள் அடிகளை எண்ணும் கருவியை மறைத்து வைத்து, இடுப்பில் ஒன்றையும் கட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், நடமாட்டத்தில் 28 சதவீதம் மட்டுமே அந்தக் கூண்டை அணிந்து நடந்ததாக இருந்தது. ஆறாத உள்ளங்கால் புண்ணுக்குக் கழற்ற முடியாதபடி முழங்கால்வரை போடும் மாவுக்கட்டு போன்ற சாதனத்தையே முதல் தேர்வாக மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதற்கு இது ஒரு காரணம். சிறப்புக் காலணிகளைப் பற்றி 2013-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், வெளியே போகும்போது வைத்த அடிகளில் 87 சதவீதம் அந்தக் காலணியோடு இருந்தன. வீட்டுக்குள் வைத்த அடிகளில் 61 சதவீதம்தான். அதே ஆய்வில், அவர்கள் வெளியில் நடந்ததைவிட வீட்டுக்குள்தான் அதிகம் நடந்திருந்தார்கள். வீடு பத்திரமான இடம் என்று மனம் சொல்கிறது. உள்ளங்கால் எடுக்கும் கணக்கில் அடி எங்கே விழுந்தாலும் அடிதான்.

இந்தக் கருவிகள் எதுவும் விரல் இடுக்கைப் பார்ப்பதில்லை. அங்கே ஈரம் தேங்கித் தோல் வெளுத்து வெடிப்பதை விரலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். குறுகலான ஷூ விரலின் மேற்புறத்தில் உண்டாக்கும் கொப்புளத்தையும், நகம் சதைக்குள் வளைவதையும், குதிகாலின் பின்புற வெடிப்பையும் உள்ளங்கால் சென்சார் அறியாது. ஒரு காலை ஏற்கெனவே இழந்தவருக்கு, ஒப்பிட மற்ற கால் இல்லை. இரண்டு கால்களும் ஒரே இடத்தில் ஒரே அளவு நொந்தால் வேறுபாடு பூச்சியமாகவே இருக்கும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அழற்சி இருந்தும் வெப்பம் போதிய அளவு ஏறாமல் போகலாம். ஆகவே இரத்த ஓட்டத்தைத் தனியாகச் சோதிக்காமல் வெப்பக் கருவியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்பது பொதுவான அளவு. ஆனால் சர்க்கரை நோயில் தமனிச் சுவர்கள் கெட்டித்துப்போவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டக்கூடும். கால் விரலில் அழுத்தம் அளக்க முடியுமா என்று கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓரிடத்தில் மட்டும் இன்றி, ஒரு பாதம் முழுவதும் சூடாகி, சிவந்து, வீங்கினால், புண் ஒன்றுமே இல்லாவிட்டாலும், மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம். அல்லது 1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்த மூட்டுச் சிதைவாக இருக்கலாம். அந்த நிலையில் பாத எலும்புகள் மெத்தென்று தளர்ந்து முறிந்துகொண்டிருக்கும். வலி குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார். சில வாரங்களில் பாதத்தின் வளைவே இடிந்து தட்டையாகிவிடும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தொடர்ந்து வேலைக்குப் போனவரை நான் அறிவேன்.

கருவி வாங்க நினைத்து என்னிடம் கேட்பவர்களுக்கு, விலைக்கு முன்பு வேறொன்றைக் கேட்கச் சொல்கிறேன்: எச்சரிக்கை வந்தால் அதைப் பார்ப்பது யார்? கைபேசித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றுவதோடு முடிகிறதா, பாதத்தை அறிந்த ஒரு செவிலியர் உங்களை அழைத்துப் பேசுவாரா? அந்த அழைப்புக்குப் பிறகு எத்தனை நாள்களில் உங்களை நேரில் பார்ப்பார்கள்? இதற்கு விடை இல்லாத விலையுயர்ந்த காலுறையைவிட, தொலைபேசி எடுக்கும் ஒரு பாதச் சிகிச்சைப் பிரிவும் எளிய வெப்பமானியும் மேல் என்பது என் உறுதியான கருத்து. பணம் ஓரளவே இருந்தால் அதை முதலில் சரியான ஷூவுக்கும் இன்சோலுக்கும் செலவழியுங்கள். கருவி அதற்குப் பிறகு. கையில் கட்டும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் பாதத்தைப் பற்றி ஒன்றும் அறியாது. ஆனாலும் அதன் அடிக்கணக்கு, புண் ஆறிய பிறகு நடையைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதற்கு எனக்கு உதவியது. தினமும் பத்தாயிரம் அடி என்று அது ஊக்கப்படுத்தும் இலக்கை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவர்கள், எந்தக் கருவியும் வாங்கும் முன்பு, இன்றே வீட்டில் ஒன்றைச் செய்யலாம். கண்களை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர், இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மென்மையாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், உணர்விழப்பு இருக்க வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சென்று முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் ஆராய்ந்து வெளியிட்ட முறை இது. நைலான் இழைச் சோதனையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாள், ஒரு நிமிடம், யாராவது எனக்கு இதைச் செய்திருந்தால் அந்த ஐந்து மாதங்கள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

மாற்றிய மின்கலத்தோடு அழுத்த இன்சோல் சென்ற வாரம் திரும்ப வந்தது. இம்முறை அதை வெளியே போகும் ஷூவில் வைக்காமல் வீட்டுக்குள் அணியும் ஷூவில் வைத்திருக்கிறேன். எச்சரிக்கை என் கடிகாரத்தோடு மகளின் கைபேசிக்கும் போகும்படி அமைத்திருக்கிறோம், அணைப்பதானால் அவளுக்கும் தெரியும். வெப்பமானியையும் விடவில்லை. இன்று காலை இடது குதிகாலில் வேறுபாடு 1.9 காட்டியது. எல்லையைத் தாண்டவில்லைதான்; இருந்தாலும் மாலை நடையை விட்டுவிட்டேன். நாளை காலை அளந்து பார்த்த பிறகுதான் வெளியே போவதா என்று முடிவு செய்வேன்.